அண்மையில் பார்த்த படங்கள்: நிறையும் குறையும், உடன் பார்த்தவர்களும்

தக்கலையிலிருந்து:

மாரி செல்வராஜின் 'வாழை' 2024 ஆகஸ்டில் திரைக்கு வந்தபோது அதைத் தவறவிட்டுவிட்டேன். கடந்த மாதம்தான் என் சித்தப்பாவோடு வீட்டில் உட்கார்ந்து பார்க்க வாய்த்தது. சித்தப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழைக்குலை சுமந்தவர். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து விளைகளில் வெட்டிய குலைகளை லாரி நிற்கும் சாலைவரை தலைச்சுமையாகக் கொண்டு சேர்ப்பதே அவருடைய வேலையாக இருந்தது. படம் பார்த்துவிட்டு நிறை குறைகளைக் குறித்துவைப்பது என் பழக்கம். அன்றைக்கும் ஒரு நோட்டை மடியில் வைத்திருந்தேன். ஆனால் அதில் எழுதியவற்றைவிட அவர் இடையிடையே சொன்னவைதான் இன்றுவரை நினைவில் நிற்கின்றன.

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, "அவிய தாருண்ணு சொல்லுவாவ, நம்ம ஊருல குலை" என்று ஒரு திருத்தம் சொன்னார். அதன் பிறகு நெடுநேரம் பேச்சில்லை. சேற்று வயலுக்குள் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் தார்களைச் சுமந்து வரிசையாக நடந்துவரும் காட்சிகளில் நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு அவர் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது. சேற்றில் பெருவிரலை ஊன்றித்தான் அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும், குதிகாலை முதலில் வைத்தவன் குலையோடு விழுவான் என்றார். தலையில் சுமை இருக்கும்போது கழுத்தைத் திருப்பக் கூடாது என்பதால், பின்னால் வருபவனிடம் பேச வேண்டுமென்றாலும் முன்னால் பார்த்துக்கொண்டே சத்தமாகத்தான் பேசுவார்களாம். சும்மாடு நனைந்துவிட்டால் குலைக்காம்பிலிருந்து வடியும் நீரும் வியர்வையும் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கும் என்று சொல்லிக்கொண்டே, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்து வந்து காட்டினார். தோளிலும் மார்பிலும் வாழைக்கறை காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் படிந்திருந்தது. எத்தனை முறை வெளுத்தாலும் போகாத கறை அது. "பொண்ணு பாக்கப் போனப்பவும் இதத்தான் உள்ள போட்டிருந்தேன்" என்று சிரித்தார். உள்ளே எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வேலையின் வலியை விளக்காமல், செய்து காட்டுவதே இந்தப் படத்தின் முதல் நிறை. மறுநாள் சுமை தூக்கப் போக வேண்டும் என்ற எண்ணத்திலேயே சிறுவன் சிவனணைந்தானுக்கு முந்திய இரவு கசந்துபோகிறதே, அந்தக் கசப்பு வசனத்தால் வந்ததன்று. ரஜினி, கமல் என்று பிரிந்து நின்று அவனும் நண்பன் சேகரும் போடும் சண்டை மிக இயல்பாக வந்திருக்கிறது. அந்த இரு சிறுவர்களிடமிருந்து இத்தகைய நடிப்பை வாங்கியதற்காகவே இயக்குநரைப் பாராட்டலாம். கூலியைக் கூட்டிக் கேட்டு இளைஞர்கள் முரண்டு பிடிக்க, வியாபாரி அந்தக் காசை வேறொரு வழியில் மிச்சம் பிடிக்கும் இடம், கதையின் போக்கையே தீர்மானிக்கிறது. தொழிலாளரைத் தனி வண்டியில் அனுப்பாமல் சுமையின் மேலேயே ஏற்றி அனுப்பும் வழக்கத்தை எங்கள் பக்கத்திலும் கண்டிருக்கிறோம் என்று சித்தப்பா சொன்னார்.

குறைகளென்று நான் எழுதியவற்றில் முதலாவது, ஆசிரியை பூங்கொடி வரும் பகுதிகளின் நீளம். ஒரு பையனுக்குத் தன் டீச்சர்மேல் தோன்றும் ஈர்ப்பை இரண்டு காட்சிகளில் சொல்லி முடித்திருக்கலாம்; இங்கே அது திரும்பத் திரும்ப வந்து, படத்தின் நடுப்பகுதியைத் தளரச் செய்கிறது. நிகிலா விமல் நன்றாக நடித்திருக்கிறார் என்பதை இங்கே குறையாக எழுத முடியாதுதான். இரண்டாவது, இறுதி அரைமணி நேரம். பசியோடு ஓடிவரும் சிறுவன், ஊரே சாவு வீடாகிக் கிடக்கும் காட்சி, அதன்மேல் ஒப்பாரிப் பாடல், அதற்கும் மேல் தாயின் கதறல் என்று அடுக்கிக்கொண்டே போவதைப் பார்த்தபோது, நாங்கள் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறோம் என்பது இயக்குநருக்குத் தெரியவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. இதை நான் சித்தப்பாவிடமே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "சாவு வீட்டுல யாரு மக்கா அளந்து அழுவா?"

அதற்கு என்னிடம் சரியான மறுமொழி இல்லை. ஆனாலும் என் கருத்தை நான் முழுமையாக மாற்றிக்கொள்ளவுமில்லை. சாவு வீட்டில் அழுபவர்கள் அளப்பதில்லை. படம் எடுப்பவர் அளந்துதான் ஆக வேண்டும். நோட்டில் 'மிகையான சோகம்' என்று எழுதியிருந்ததை மட்டும் அடித்துவிட்டு, 'இசை சற்றுக் குறைந்திருக்கலாம்' என்று திருத்திக்கொண்டேன்.

மறுவாரம், 'வாழை' வெளிவந்த அதே நாளில் திரைக்கு வந்த 'கொட்டுக்காளி'யைப் பார்த்தோம். பி.எஸ். வினோத்ராஜின் இந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று நம்பி, அவளைக் குடும்பமே ஒரு சாமியாடியிடம் அழைத்துச் செல்லும் பயணம்தான் முழுக்கதையும். ஆட்டோவின் இரைச்சலும், கட்டிவைத்த சேவலின் செருமலும், தொண்டை கட்டிப்போன சூரியின் கரகரத்த குரலும் இசையின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. சித்தப்பா பாதியிலேயே உறங்கிவிட்டார். அன்னா பென் ஏற்று நடித்த மீனா ஏறக்குறைய வாய் திறப்பதே இல்லை என்பதை நான் குறையாகச் சொல்லத் தொடங்கினேன். ஒரு பெண்ணின் கதையை அவளுடைய குரலே இல்லாமல் சொன்னால் அவள் வெறும் குறியீடாகிவிடுகிறாள் என்பது என் வாதம். அடுக்களை வாசலில் நின்றபடியே முழுப் படத்தையும் பார்த்துவிட்ட சித்தி அதை ஒப்புக்கொள்ளவில்லை. "பேசியெல்லாம் பாத்த பொறவுதான் அவ வாய அடச்சிருப்பா" என்றார். படத்தில் காட்டப்படாத அந்த முன்கதையைச் சித்தி எங்கிருந்து எடுத்தார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு என்னவென்று சொல்லாமல் நிறுத்தியதில் எங்கள் மூவருக்குமே நிறைவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்; சித்தப்பாவின் வாக்கு செல்லுமா என்பது தனிக் கேள்வி.

குழித்துறையிலிருந்து:

தக்கலை நண்பர் உடன் பார்த்தவர்களைப் பற்றி எழுதியதால் நானும் எழுதத் துணிகிறேன். எங்கள் பகுதியில் மலையாளப் படங்களை மொழிமாற்றம் இல்லாமலே பார்ப்பது வழக்கம். 1956இல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அந்தக் காது மாறவில்லை. ஆகவே ஒரே பொருளைத் தமிழும் மலையாளமும் எடுத்துக்கொள்ளும்போது, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது எங்களுக்கு எளிது. இம்முறை நான் பார்த்தவை 2024இல் வந்த 'கிஷ்கிந்தா காண்டம்', 2025இல் வந்த 'மாரீசன்'. இரண்டிலும் மையமாக இருப்பது முதியவர் ஒருவரின் மறதி. என் அம்மைக்கும் நான்கு ஆண்டுகளாக மறதி நோய் இருப்பதால், நடுநிலையாகப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

'மாரீசன்' நாகர்கோவிலில் தொடங்குகிறது என்பதே எங்களைக் கூட்டமாகத் திரையரங்குக்கு வரவழைத்துவிட்டது. திருட வந்தவனும் வீட்டுக்காரரும் ஒரே பைக்கில் திருவண்ணாமலை நோக்கிக் கிளம்புகிறார்கள். 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தத் தொலைவில், வடிவேலுவும் பகத் பாசிலும் ஒருவரையொருவர் அளந்துகொண்டே போகும் முதற்பாதி மிகச் சிறப்பாக அமைந்திருக்கிறது. வடிவேலு தம் பழைய உடல்மொழியின் சாயல் எதுவும் இல்லாமல், பார்வை எங்கோ நழுவிப்போகும் ஒரு மனிதராக உட்கார்ந்திருப்பதைக் கண்டபோது, எங்கள் வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. இடைவேளைக்குப் பிறகு கதை பழிதீர்க்கும் பாதைக்குத் திரும்பிவிடுகிறது. எடுத்துக்கொண்ட குற்றம் கொடியது, அதைப் பேச வேண்டியதும் அவசியந்தான். ஆனால் அந்தத் திருப்பத்துக்குப் பின் மறதி என்பது கதையின் பூட்டைத் திறக்கும் சாவியாக மட்டும் சுருங்கிவிடுகிறது. நாகர்கோவிலோ வெறும் புறப்படும் இடமாக நின்றுவிட்டது. எங்கள் பேச்சின் மணம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் திரும்பும் வழியெல்லாம் எங்கள் வண்டியில் பேசப்பட்டது.

'கிஷ்கிந்தா காண்டம்' படத்தின் அப்பு பிள்ளை, ஓய்வுபெற்ற இராணுவத்தவர். தம் நினைவு கைநழுவுகிறது என்பதைப் பிறருக்குத் தெரியாமல் மறைப்பதே அவருடைய அன்றாட வேலை. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்க வேண்டிய துப்பாக்கியைக் காணவில்லை. பேரன் ஏற்கெனவே காணாமற்போனவன். இவ்விரண்டையும் முடிச்சிட்டுக் கொண்டுபோகும் திரைக்கதையில் அவருக்கு எது நினைவிருக்கிறது, எது இல்லை என்பது சில இடங்களில் கதையின் வசதிக்கேற்ப அமைந்துவிட்டதாக எனக்குப் பட்டது. நோய் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. அதே வேளையில், விஜயராகவன் அந்த மனிதரின் கோபத்தைப் பிடித்திருக்கும் விதம் இருக்கிறதே, அது எந்த மருத்துவரும் எங்களுக்குச் சொல்லித் தராதது. அம்மை சாவிக்கொத்தை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, யாரோ எடுத்துவிட்டதாக எங்கள்மேல் பாய்வார். அந்தப் பாய்ச்சல் சாவிக்காக வந்தது என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பு பிள்ளை மகன்மேல் எரிந்துவிழும் காட்சியில், தான் பிடிபட்டுவிடுவோமோ என்ற அச்சம் அந்த முகத்தில் ஒரு கணம் வந்து மறைகிறது. இரண்டாம் முறை அந்த இடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். இப்போது சாவி காணாமற்போனால் நான் முதலில் அரிசிப் பானைக்குப் போவதில்லை. "எனக்கும் எங்க வச்சேண்ணு தெரியல்ல, அம்மா" என்று சொல்லி, அவரோடு சேர்ந்து தேடுகிறேன்.

தூத்தூரிலிருந்து:

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அண்ணன் ஆழ்கடல் விசைப்படகில் செல்பவர். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து கிளம்பினால் கரை திரும்ப ஒரு மாதம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். கிளம்புமுன் படகில் உள்ளவர்களுக்காகக் கைப்பேசியில் படங்களை இறக்கி வைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அங்கே எந்தப் படம் தேறும் என்பதற்குக் கரையில் உள்ள அளவுகோல்கள் உதவுவதில்லை. 'கொட்டுக்காளி'யை நான் ஆசையாக அனுப்பி வைத்தேன். இன்ஜின் சத்தத்தில் அந்த மௌனம் முழுவதும் மூழ்கிப்போய், படம் பழுதாக இறங்கியிருக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டார்களாம்.

மாறாக, 'மெய்யழகன்' அங்கே ஐந்து நாள் ஓடியது. 2024 செப்டம்பரில் வெளிவந்ததும், நீளமாக இருக்கிறதென்ற முணுமுணுப்பு எழுந்து, 18 நிமிடங்களைக் குறைத்தார்கள் அல்லவா? கரையில் அந்தக் குறைப்பை நானும் சரியென்றுதான் சொன்னேன். அரவிந்த்சாமியும் கார்த்தியும் இரவு முழுவதும் பேசிக்கொண்டே இருப்பது ஒரு கட்டத்தில் எனக்கு அலுப்பூட்டியது. கார்த்தியின் பாத்திரம் நல்லவனாக மட்டுமே இருப்பதும் நெருடியது. தூண்டில் இழுத்து முடித்து, கை எரிச்சலோடு படுத்துக்கிடப்பவர்களுக்கு அந்தப் பேச்சே போதவில்லையாம். ஊரைவிட்டுப் போனவன் இருபதாண்டுக்கு மேல் கழித்து வந்து நிற்பதும், தன்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவனின் பெயர்கூட நினைவுக்கு வராமல் கூசிப்போவதும் அவர்களுக்கு மிக நெருக்கமாக இருந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை கரையேறும்போதும் தெருவில் புதிதாக வளர்ந்து நிற்கும் பிள்ளைகளிடம் அவர்களும் அப்படித்தான் விழிப்பார்கள்.

ஐந்தாம் நாள், இறுதிக் காட்சிகளுக்கு முன்பே, செயலியில் இறக்கி வைத்த படத்தின் காலக்கெடு தீர்ந்து திரை நின்றுபோயிற்று. தலைப்பே அவன் பெயர்தான் என்று ஒரு கட்சியும், அது வெறும் அலங்காரத் தலைப்பு என்று மறு கட்சியுமாக மீதி நாள்களைத் தள்ளியிருக்கிறார்கள். படகு கரையை நெருங்கி, சிக்னல் கிடைத்ததும் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைகள் நலமா, மீன் என்ன விலை போகிறது என்றெல்லாம் கேட்பார் என்று எண்ணித்தான் எடுத்தேன்.

"எலே, அவன் பேரு கடசியில தெரிஞ்சுதா?" என்றார்.