விலங்குச் சோதனையை எதிர்க்க அறிவியல் காரணம் மட்டும் போதுமா?

கேள்வி:
2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முதலாக ஏற்றுக்கொண்ட 6 தன்னார்வலர்களும், ஒரு நாளுக்குள் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குரங்குகளுக்குக் கேடு செய்யாத அளவில் 500-இல் ஒரு பங்குதான் அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. இவ்வளவு தவறக்கூடிய சோதனையை அந்தத் தவற்றைக் காட்டி எதிர்த்தாலே போதுமா, அறத்தின் பெயரால் தனியாகவும் எதிர்க்க வேண்டுமா?

மறுமொழி 1:
அந்த மருந்து பற்றிக்கொள்ளும் சிடி28 என்ற ஏற்பி (செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதம்), மனிதரின் நோய் எதிர்ப்பு செல்களுள் ஒருவகையான நினைவு டி செல்களில் உண்டு. சோதிக்கப்பட்ட மக்காக் குரங்குகளின் அதே செல்களில் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. எனவே இன்னும் நூறு குரங்குகளைச் சேர்த்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. 1993-இல் ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு அமெரிக்காவில் தரப்பட்ட ஃபியாலுரிடின் 5 பேரின் உயிரைப் பறித்ததும் இப்படித்தான்: அம்மருந்தை, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்லும் புரதம் மனிதருக்கு அங்கே உண்டு, எலிக்கு இல்லை.

மறுமொழி 2:
இவை வலுவான சான்றுகள். ஆனால் வழக்கமாக இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் தாலிடோமைடை (கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால் குழந்தைகள் ஊனத்தோடு பிறக்கக் காரணமான மருந்து) இங்கே இழுக்க வேண்டாம். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வருமுன் அது கருவுற்ற விலங்குகளில் முறையாகச் சோதிக்கப்படவே இல்லை. பிறகு சோதித்தபோது எலிகள் பெரும்பாலும் தப்பின, முயல்களின் குட்டிகள் ஊனத்தோடு பிறந்தன. எந்த விலங்கை நம்புவது என்பது குழந்தைகள் பாதிக்கப்பட்ட பின்னரே புலப்பட்டது. மறுபக்கமும் உண்டு. 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்ற சல்ஃபானிலமைடு என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தால் நூறு பேருக்கு மேல் இறந்தனர். எளிய விலங்குச் சோதனை ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

மறுமொழி 3:
அதனால்தான் அற எதிர்ப்பு தனித்து நிற்க வேண்டும் என்கிறேன். மனிதரின் புரதத்தைப் பெற்ற மரபணு மாற்ற எலி பிழையின்றி விடை சொல்லத் தொடங்கினால், அறிவியல் குறையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அன்று பேச எதுவும் இராது. லண்டன் தன்னார்வலர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள், பணம் பெற்றார்கள், விலகிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. கூண்டிலுள்ள விலங்கு இவற்றில் ஒன்றும் இல்லாமல், தன் இனத்துக்குப் பயன்படாத ஒரு மருந்துக்காக வலியைத் தாங்குகிறது. (இது என் கருத்து, ஆய்வகத்தில் பணிபுரியும் என் நண்பர்கள் பலர் இதை ஏற்பதில்லை.)

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. அமெரிக்கா 2022 டிசம்பரிலும் இந்தியா 2023 மார்ச்சிலும் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, மனித செல்களையும் உறுப்புச் சில்லுகளையும் (மனித செல்களை வளர்த்து ஓர் உறுப்பைப் போல இயங்கச் செய்யும் சிறு கருவிகள்) கொண்டு பெறும் சான்றுகளுக்கு இடமளித்துள்ளன. ஆயினும் அவை விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. தாயின் உடலில் வளரும் கருவுக்கு நேரும் கேட்டை அத்தகைய சில்லில் எந்த அளவுக்குக் கண்டறிய முடியும் என்பதை, அத்துறையில் இருப்பவர்கள் யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.