ஒரே ரெப்போ, 14 அணிகள்: எஸ்எஸ்எச் வழியாக நேம்ஸ்பேஸுக்குள் போவது எப்படி?

கேள்வி – ஆய்வகத்துக்காரர்

வணக்கம். ஒரு கல்லூரி ஆய்வகத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இறுதியாண்டுப் பிள்ளைகள் 14 அணி, எல்லோருக்கும் ஒரே அடிப்படை நிரல். அந்த ரெப்போ (நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த கிட் களஞ்சியம்) 1.8 ஜிபி. அணிக்கொரு நகல் போட்டால் 25 ஜிபி தாண்டும், வட்டில் மீதி இருப்பதோ 19. அதனால் ஒரே ரெப்போவுக்குள் அணிக்கொரு தனிக் கிளைத் தொகுதி வைக்கும் கிட் நேம்ஸ்பேஸைக் கையில் எடுத்தேன். சர்வரில் அப்டேட்-ரெஃப் (ரெஃப், அதாவது கிளை முதலியவற்றின் பெயர்க்குறியை, எழுதும் கட்டளை) கொடுத்து, ரெஃப்ஸ்/நேம்ஸ்பேசஸ்/அணி01/ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின் என்று 14 அணிக்கும் கிளை வைத்தேன். வட்டில் எதுவும் ஏறவில்லை.

மாணவர்களின் லேப்டாப்பில் கிட் நேம்ஸ்பேஸ் சூழல் மாறியில் (GIT_NAMESPACE) அணியின் பெயரைப் போட்டு குளோன் செய்யச் சொன்னேன், அதாவது ரெப்போவை நகலெடுத்து இறக்கச் சொன்னேன். வந்தது பொது மெயின் (எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கிளை). சர்வரின் ரெஃப்களைப் பட்டியலிடும் எல்எஸ்-ரிமோட் அடித்துப் பார்த்தால் பொதுக் கிளை மேலே, அதற்குக் கீழே 14 அணிகளின் ரெஃப்களும் முழுப் பாதையோடு வரிசையாக நிற்கின்றன. நேற்று மாலை மூன்றாம் அணிப் பெண் புஷ் செய்தது (தன் மாற்றங்களைச் சர்வருக்குத் தள்ளியது) நேராகப் பொது மெயினில் போய் விழுந்தது. அந்தப் பெண் மேல் தப்பில்லை, நான் சொன்னபடிதான் செய்தது. மெயினைப் பழைய கமிட்டுக்கு (முன்பு சேமித்த நிலைக்கு) திருப்பிவிட்டேன். எங்கே தவறினேன்?

பதில் – கட்டளைவரி

சர்வர் பக்கம் நீங்கள் செய்தது சரிதான். அந்த மாறியைப் படிப்பது சர்வரில் ஓடும் அப்லோட்-பேக்கும் (குளோனுக்குத் தரவு அனுப்பும் நிரல்) ரிசீவ்-பேக்கும் (புஷ்ஷை வாங்கும் நிரல்). லேப்டாப்பில் வைத்த மாறியை எஸ்எஸ்எச் (சர்வருடன் இணைக்கும் பாதுகாப்பான வழி) தானாக அந்தப் பக்கம் கொண்டுபோகாது. சர்வரிலேயே உட்கார்ந்து கமிட் வரலாற்றைக் காட்டும் கிட் லாக் அடித்தாலும் நேம்ஸ்பேஸ் தெரியாது, அங்கே முழுப் பாதையைத்தான் கொடுக்க வேண்டும்.

உடனே சோதித்துப் பார்க்க ஒரு வழி: குளோன் செய்யும்போது அப்லோட்-பேக் விருப்பத்தில் வெறும் நிரல் பெயருக்குப் பதிலாக, மாறியையும் சேர்த்து முழு வரியாகக் கொடுங்கள். அது சர்வரின் ஷெல்லில் ஓடும். அப்புறம் அதே வரியை லேப்டாப்பில் சர்வரின் முகவரி இருக்கும் ரிமோட் அமைப்பில், அந்தந்த நிரல் பெயரோடு, அப்லோட்பேக், ரிசீவ்பேக் இரண்டிலும் எழுதுங்கள். ரிசீவ்பேக்கை மறந்தால் எடுப்பது அணியிலிருந்து, தள்ளுவது பொது மெயினுக்கு என்று ஆகிவிடும்.

ஆனால் இதை மாணவர்கள் கையில் விடாதீர்கள் ஐயா. யாராவது ஒருவர் மறப்பார். சர்வரில், உள்ளே வர அனுமதியுள்ள எஸ்எஸ்எச் சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்ட் கீஸ் கோப்பில் ஒவ்வொரு சாவிக்கும் முன்னால் கமாண்ட் என்று கட்டாயக் கட்டளை வையுங்கள்: அந்த அணியின் மாறி, பிறகு கிட்-ஷெல் (கிட் கட்டளைகளை மட்டும் ஓட்டும் ஷெல்), அதற்கு எஸ்எஸ்எச்-சின் ஒரிஜினல் கமாண்ட் (மாணவர் பக்கமிருந்து வந்த கட்டளை). சாவியே அணியைத் தீர்மானிக்கும். அந்தக் கணக்கின் லாகின் ஷெல் மட்டும் சாதாரண பாஷ் ஷெல்லாக இருக்கட்டும். அதையே கிட்-ஷெல்லாக மாற்றினால் கட்டாயக் கட்டளை ஓடாது.

பதில் – பழைய கை

மேலே உள்ளது சரி. நான் வற்புறுத்திச் சொல்ல வருவது வேறு. நேம்ஸ்பேஸ் பூட்டு இல்லை. எல்லா அணிகளின் ஆப்ஜெக்டுகளும் (கோப்பு, கமிட் போன்றவற்றின் சேமிப்புத் துண்டுகள்) ஒரே குவியலில் கிடக்கின்றன. இதை வைத்து வாசிப்பைத் தடுக்க முடியாது என்று கிட்டின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது: முழு ரெப்போவையும் வாசிக்க யாரை நம்புவீர்களோ அவருக்கு மட்டும் நேம்ஸ்பேஸைக் கொடுங்கள் என்கிறது. ஓர் அணியின் வேலை இன்னொரு அணி கண்ணில் படக் கூடாது என்றால் தனி ரெப்போதான்.

ஒரு ரெப்போ இன்னொன்றின் ஆப்ஜெக்டுகளைக் கடன் வாங்கும் ஆல்டர்னேட்ஸ் வைத்து இடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யோசனை வரும். அதில் மூல ரெப்போவில் ஒரு கிளையை அழித்து, பிறகு ப்ரூன் (எந்தக் கிளைக்கும் தேவைப்படாத ஆப்ஜெக்டுகளை நீக்கும் கட்டளை) ஓடினால், அதை நம்பியிருக்கும் நகல்கள் உடையலாம். நான் அப்படி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்டாக மீட்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

நன்றி. எங்கள் அணிகள் ஒருவர் நிரலை ஒருவர் பார்ப்பதில் தடையில்லை, கலந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். 14 சாவிக்கும் கட்டாயக் கட்டளை போட்டேன். இப்போது எல்எஸ்-ரிமோட்டில் அவரவர் மெயின் மட்டும் வருகிறது. ஆனால் குளோன் முடிந்ததும் ரிமோட் ஹெட் (எந்தக் கிளையைத் திறப்பது என்று சர்வர் காட்டும் குறி) இல்லை, செக்அவுட் (கோப்புகளைக் கோப்புறையில் விரிப்பது) முடியவில்லை என்று எச்சரிக்கிறது, கோப்புறை காலி.

பதில் – கட்டளைவரி

நேம்ஸ்பேஸ் ஒவ்வொன்றுக்கும் தனி ஹெட் வேண்டும். சர்வரில் சிம்பாலிக்-ரெஃப் கொடுத்து, ரெஃப்ஸ்/நேம்ஸ்பேசஸ்/அணி01/ஹெட் என்பதை அதே அணியின் மெயினுக்குக் காட்டுங்கள், முழுப் பாதையோடு. கூடவே ரெஃப்களை மறைக்கும் டிரான்ஸ்ஃபர் ஹைட்ரெஃப்ஸ் அமைப்பில் ரெஃப்ஸ்/நேம்ஸ்பேசஸ் என்று போட்டால், பொது ரெப்போவைப் பார்ப்பவருக்கு அந்த 14 வரியும் தெரியாது.

கேள்வி கேட்டவர்

வந்துவிட்டது. மூன்றாம் அணிப் பெண்ணைக் கூப்பிட்டு மறுபடி புஷ் செய்யச் சொன்னேன். அணி03-இல் விழுந்தது, பொது மெயின் அசையவில்லை.