நெல்லுக்குச் சொட்டுநீரா, காய்ச்சலும் பாய்ச்சலுமா?

வெண்ணாற்றுக்கரை:
வடக்கே கோதுமைக்காரர்கள் விதைத்த 21ஆம் நாள் வாக்கில், புது வேர் விடும் சமயத்தில், ஒரு தண்ணீரைத் தப்பாமல் கொடுத்துவிட்டு, தண்ணீர் பற்றாத இடங்களில் மற்றதைத் தெளிப்புநீர், சொட்டுநீர் என்று ஓட்டுகிறார்கள். நாம் வயல் நிறையத் தண்ணீரைக் கட்டிவிட்டு மேட்டூரையே பார்க்கிறோம். 2024இல் வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 போய் ஜூலை 28இல்தான் அணை திறந்தது. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. போர் (ஆழ்துளைக் கிணறு) உள்ளவர்கள் குறுகிய காலக் குறுவை நெல்லையாவது சொட்டுநீருக்கு மாற்றினால் என்ன?

களிமண்காரன்:
கோதுமை தண்ணீர் தேங்கினால் கெடும், நெல் தேங்கினாலும் நிற்கும். இரண்டுக்கும் ஒரே வழி சொல்லாதீர்கள் அண்ணே. சொட்டுநீர் என்றால் சேறடிக்காமல் புழுதியில் விதைக்க வேண்டும், தேங்கின தண்ணீர் இல்லாத வயலில் கோரையும் குதிரைவாலியும் நெல்லை முந்திக்கொண்டு வரும், களை பறிக்க ஆள் எங்கே? எலி குழாயைக் கடிக்கும். அறுவடைக்கு பெல்ட் மெஷின் இறங்குவதற்குள் அத்தனை குழாயையும் சுருட்ட வேண்டும், அன்றைக்கென்று மழை பிடித்தால் கதை முடிந்தது. வாழைக்கும் கரும்புக்கும் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது, போதும். ஒரு அடி பிவிசி குழாயில் கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கினபிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மானியமும் வேண்டாம், மனுவும் வேண்டாம்.

கடைமடை:
ரெண்டு பேரும் போர் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். வாய்க்கால் முடிகிற கடைமடையில், எங்கள் தலைஞாயிறு பக்கம் வந்து போர் போட்டுப் பாருங்கள், உப்புத்தண்ணீர்தான் வரும். வாய்க்காலில் முறை வைத்து விடுகிற தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்றே தெரியாதபோது, வந்ததை எவன் காயவிடுவான்? வயல் வெடித்துப் போனால் அடுத்த முறைத் தண்ணீரில் பாதி வெடிப்புக்கே போய்விடும். 2023இல் டெல்டாவில் குறுவை கருகியதை எல்லோரும் பார்த்தோம்தானே. எங்களுக்குத் தோதானது புழுதியில் சம்பா நேரடி விதைப்பு. நாற்றங்காலுக்கும் சேற்றுழவுக்கும் ஆகிற தண்ணீர் மிச்சம், முளைப்புக்கு மழை இருக்கிறது.

வெண்ணாற்றுக்கரை:
கடைமடை சொல்வது அவர் ஊருக்குச் சரி. நான் கேட்டது போர் உள்ளவர்களை. மின்சாரம் இலவசம், மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறோம். அந்தக் குழாயை எட்டிப் பார்க்க எத்தனை பேர் வயலுக்கு வருவார்கள்? சொட்டுநீரில் மணிக்கு இவ்வளவு என்று அளவோடுதான் சொட்டும்.

களிமண்காரன்:
போர் தண்ணீரும் ஆறு ஓடினால்தான் ஊறும், அதைத் தனிச் சொத்தாக நினைக்க வேண்டாம். தலைமடையில் இருக்கிற நாங்கள் காயவிட்டு மடையை அடைத்தால் அந்தத் தண்ணீர் கீழேதானே போகும்? கடைமடைக்கும் அதில் லாபம்தான்.

கடைமடை:
அடைப்பீர்களா, அதைச் சொல்லுங்கள் முதலில். நீங்கள் மிச்சம் பிடிப்பதை நடுவில் இருப்பவன் மோட்டார் வைத்து இறைத்துக்கொள்வான், இல்லையென்றால் பழுதான ஷட்டர் வழியாக வடிகாலில் இறங்கிக் கடலுக்குப் போகும். மேலே எவ்வளவு மிச்சமானாலும் எங்கள் மதகில் அளவு ஏறாதவரை நான் புழுதியில்தான் விதைப்பேன்.

களிமண்காரன்:
சரி, விதையுங்கள். விதைத்த பத்தாம் நாள் மழை பொய்த்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.