பந்து கோட்டைத் தாண்டுச்சா, தாண்டலியா?

வியாசர்பாடி தெரு பந்து குரூப்
புதன், 19 நவம்பர் 2025

டில்லி, இரவு 9:06
(வீடியோ, 21 நொடி)
நேத்து டாக்கால வங்கதேசத்தோட ஃபுட்பால் மேட்ச்ல நம்ம இந்தியாவ இன்னா பண்ணிருக்காங்க பாருங்க. பந்து கோட்டுக்கு வெளிய போயிடுச்சு, காலால இழுத்து உள்ள தள்ளிட்டான். ரெஃபரி கோலுன்னு குடுத்துட்டாரு. எல்லாருக்கும் அனுப்புங்கபா

கோச் அண்ணன், 9:09
யாரும் அனுப்பாதீங்க. அது நேத்து மேட்ச் இல்ல டில்லி. 2024 ஜூன் 11, தோஹா. சட்டையப் பாரு, எதிர்ல ஆடுறது கத்தார்.

கோச் அண்ணன், 9:10
நேத்து ஷேக் மொர்சலின் போட்டது சுத்தமான கோல். 1-0. வங்கதேசம் நம்மள 22 வருஷம் கழிச்சு ஜெயிச்சிருக்கு. அவங்க நல்லா ஆடி ஜெயிச்சதுக்கு ரெஃபரி மேல பழி போடக்கூடாது.

டில்லி, 9:11
சாரிண்ணே. வேற குரூப்புல நேத்துன்னு போட்டு வந்துச்சு. அழிச்சிடறேன்

பாய், 9:14
அழிக்காத, இருக்கட்டும். ஆனா அந்த தோஹா கோலு இன்னிக்கும் வயிறு எரியுது. சாங்டே 37வது நிமிஷம் போட்டாப்புல, நாம 1-0 முன்னாடி. 73வது நிமிஷம் இந்த அநியாயம். 85ல இன்னொண்ணு. 2-1. அன்னிக்கு ஜெயிச்சிருந்தா நமக்கு 8 பாயிண்ட். குவைத் 7 பாயிண்டோட அடுத்த ரவுண்டுக்குப் போயிடுச்சு. நாம 5லயே நின்னுட்டோம்.

ஸ்டெல்லா டீச்சர், 9:16
அந்த மேட்ச்ல வீடியோ பாத்திருந்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிருக்குமே. ஏன் பாக்கல?

தேவி அக்கா, 9:19
வீடியோவே இல்ல டீச்சர். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுல ஆசியாவோட ரெண்டாவது ரவுண்டு அது, விஏஆர், அதான் வீடியோ பாத்துச் சொல்ற ரெஃபரி, வைக்கல. விஏஆர்னா ஒரு டிவி வெச்சாப் போதாது. தனி ரூம், அதுக்குன்னு பயிற்சி எடுத்த ரெஃபரி, துணை ரெஃபரி, ரீப்ளே ஓட்டுறவரு, எல்லா கேமராவும் ஒரே நேரத்துல ஓடணும். தெரு கேமராவ வெச்சு செய்ற வேலை இல்ல.

டில்லி, 9:20
அப்ப லைன்ஸ்மேன் எதுக்குக்கா நிக்கிறாரு

தேவி அக்கா, 9:27
நல்ல கேள்வி. லைன்ஸ்மேன், அதாவது துணை ரெஃபரி, நிக்கவேண்டிய இடம், கடைசிக்கு முந்தின டிஃபெண்டருக்கு நேரா. இல்லன்னா பந்துக்கு நேரா. ரெண்டுல எது கோல் கோட்டுக்குக் கிட்டயோ அங்க. ஃப்ரீகிக் அடிக்கும்போது அவரு கண்ணு ஆஃப்சைடுல இருக்கும். தோஹாவுல அடிச்சது ஃப்ரீகிக், கத்தாரோட யூசுப் அய்மென் தலையால முட்டினாரு, நம்ம கீப்பர் குர்பிரீத் தடுத்தாரு, பந்து போஸ்ட் ஓரமா கோட்டத் தாண்டி உருண்டுச்சு. இவ்ளோவும் மூணு நாலு நொடிக்குள்ள. அதுக்குள்ள துணை ரெஃபரி கார்னர் கொடி வரைக்கும் ஓடி வந்து கோட்டுக்கு நேரா நின்னாத்தான் தெரியும். ரெண்டு மீட்டர் பின்தங்கினா அவரு சாய்வாப் பாக்கிறாரு. நடுவுல கீப்பர் உடம்பு, நாலு ஜோடி கால், போஸ்ட். தெரியாதத குடுக்கக் கூடாதுன்னுதான் ரெஃபரிங்க எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. கொடி தூக்கலன்னா ஆட்டம் ஓடும்.

பாய், 9:28
தெரியாததக் குடுக்கக் கூடாதுன்னா கோல் மட்டும் எப்படிக் குடுத்தாரு?

தேவி அக்கா, 9:30
பந்து வெளிய போனத யாரும் பாக்கலன்னா அது உள்ளதான் இருந்துச்சுன்னு ஆட்டம் தொடருது பாய். அப்புறம் வலைக்குள்ள போனது எல்லாருக்கும் தெரியுது. தப்பு நடந்தது கோல் அடிச்சப்போ இல்ல, அதுக்கு ரெண்டு நொடி முன்ன.

டில்லி, 9:31
2022ல ஜப்பானுக்கும் அதேதானே? ஸ்பெயினோட ஆடினப்போ பந்து வெளிய இருந்துச்சு, கோலு குடுத்தாங்க

கோச் அண்ணன், 9:32
இல்லடா, அது உள்ளதான். தேவி, அந்த டைல்ஸ் கணக்கச் சொல்லுமா. ஞாயித்துக்கிழமை நம்ம தெரு ஃபைனல்ல கோட்டுக்கு நிக்கப்போற பசங்க எல்லாரும் இந்த குரூப்புல இருக்காங்க.

தேவி அக்கா, 9:41
சரிண்ணா. எல்லாரும் வீட்டுல செஞ்சு பாருங்க, பத்து நிமிஷ வேலை.
அஞ்சாம் நம்பர் பந்து சுத்தளவு 68லேந்து 70 செ.மீ. அப்படின்னா குறுக்களவு சுமார் 22 செ.மீ, நடுவுலேந்து ஓரம் வரைக்கும் 11. தரையில டைல்ஸ் சேர்ற கோட்ட, கோல் கோட்டோட வெளி விளிம்புன்னு வெச்சுக்குங்க. பந்து தரையத் தொடுற புள்ளி அந்தக் கோட்டுக்கு 10 செ.மீ வெளிய இருக்கிற மாதிரி வைங்க. நின்னுகிட்டு சாய்வாப் பாத்தா பந்துக்கும் கோட்டுக்கும் நடுவுல தரை தெரியும். எவனும் "அவுட்"னுதான் சொல்லுவான்.
இப்ப கொத்தனார் தூக்குக் குண்டு ஒண்ணு வாங்கி, பந்தோட வயிறு கோட்டுப் பக்கமா எங்க அதிகமாத் தள்ளியிருக்கோ அங்கேருந்து நூல நேரா கீழ விடுங்க. குண்டு கோட்டுக்கு உள்பக்கம் 1 செ.மீல வந்து நிக்கும். பந்து உள்ளதான்! தரையத் தொடுற இடம் கணக்கே இல்ல. முழுப் பந்தும் தாண்டணும், தரையிலயும் சரி, காத்துலயும் சரி.
ஜப்பானுக்கு மிட்டோமா திருப்பிவிட்ட பந்து அப்படித்தான். பக்கத்துலேந்து எடுத்த போட்டோவுல பச்சப்புல்லு தெரிஞ்சுச்சு. மேலேந்து பாத்தா 1.88 மில்லிமீட்டர் கோட்டு மேல இருந்துச்சு.

ஸ்டெல்லா டீச்சர், 9:43
அப்போ டில்லி அனுப்பின கிளிப்பையும் நாம சாய்வாத்தானே பாக்கிறோம்?

தேவி அக்கா, 9:45
ஆமா டீச்சர், அந்த சந்தேகம் எனக்கும் வந்துச்சு. ஆனா அதுல பந்து 11 செ.மீக்கு மேலயே நல்லா வெளிய போயிருக்கு, வேற கோணத்துலயும் அப்படித்தான். இந்த மாதிரி பளிச்சுன்னு போறத விட்டதுதான் வருத்தம்.

பாய், 9:47
கோலுக்குப் பின்னாடி ஒரு ஆள நிக்க வெச்சிருந்தா?

கோச் அண்ணன், 9:52
ஐரோப்பாவுல வெச்சுப் பாத்தாங்க பாய். 2012 யூரோ, டொனெட்ஸ்க், இங்கிலாந்தும் உக்ரைனும். உக்ரைனோட டெவிச் அடிச்ச பந்து கோட்டத் தாண்டிடுச்சு, ஜான் டெர்ரி உள்ளேருந்து வெளிய அடிச்சாரு. பக்கத்துலயே அதுக்குன்னு ஒரு ரெஃபரி நின்னாரு. அவரும் பாக்கல. கிட்ட நின்னாப் பத்தாது, வேகமாப் போற பந்துக்கு மனுஷக் கண்ணு பிந்திடும். ரெண்டு வாரத்துல, ஜூலை 5ஆம் தேதி, கோல் கோட்டுத் தொழில்நுட்பத்த ஒத்துக்கிட்டாங்க. கோலுக்கு ஏழு கேமரா, மொத்தம் 14, ஒரு நொடிக்குள்ள ரெஃபரி வாட்சுல சொல்லிடும்.

பாய், 9:54
ஆனா மிஷின் இருந்தாலும் மனுஷன் மனசு வெக்கணும் கோச். 2019 கோபா அமெரிக்கா செமிஃபைனல், பெலோ ஹொரிசோன்டி, பிரேசில் 2 அர்ஜென்டினா 0. விஏஆர் இருந்துச்சு. அர்ஜென்டினாவோட அக்வேரோவ விழவெச்சாங்க, ரெஃபரி ஆட்டத்த ஓடவிட்டாரு, அந்தப் பக்கம் போயி ஃபிர்மினோ ரெண்டாவது கோல் போட்டாரு. ரெஃபரி ஸ்க்ரீன் பக்கமே போகல. நம்ம ஏரியாவுல பாதி பேரு பிரேசில் மஞ்சச் சட்டை, பாதி பேரு அர்ஜென்டினா நீலக்கோடு, இன்னிக்கும் அதப் பேசினா டீக்கடை ரெண்டாப் பிரியும்.

தேவி அக்கா, 9:56
விஏஆர் ரூம்லேருந்து கூப்பிட்டா மட்டும்தான் பாக்கணும்னு இல்ல பாய், ரெஃபரியாவே நினைச்சாலும் போயிப் பாக்கலாம். கடைசி முடிவு களத்துல நிக்கிறவரோடது. அதனாலதான் அந்தக் கோபம் நியாயமா எனக்குப் படுது. வசதி இருந்தும் பாக்காம விட்டா ஆட்டக்காரனுக்கு ஆறவே ஆறாது.

டில்லி, 9:58
2023 பெங்களூருல பாகிஸ்தான் மேட்ச், அப்போ இந்தியா கோச்சா இருந்த ஸ்டிமாச்சுக்கு ரெட் குடுத்தாங்களே. அது ஓவர்தானேண்ணே? பந்தத் தட்டிவிட்டதுக்கெல்லாம் ரெட்டா?

கோச் அண்ணன், 10:03
ஓவர் இல்ல. சட்டத்துல எழுத்துக்கு எழுத்து இருக்கு. த்ரோ போட நின்ன ஆட்டக்காரர் கையில இருந்த பந்த அவரு தட்டிவிட்டாரு. கோச், மேனேஜர், பெஞ்சுல உக்கார்ற அதிகாரிங்க யாரா இருந்தாலும் எதிர் டீம் ஆட்டத்த மறுபடி ஆரம்பிக்கிறதத் தாமதப்படுத்தினா, அதாவது பந்தப் பிடிச்சு வெச்சுக்கிறது, எத்திவிடறது, ஆளு போறத மறிக்கிறது, நேரா ரெட். சொந்த டீமோடதத் தாமதப்படுத்தினாத்தான் மஞ்சள். 4-0 ஜெயிச்சோம், சுனில் சேத்ரி மூணு போட்டாரு, அந்த சந்தோஷத்துல இது மறந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை பெஞ்சுல உக்கார்ற பெரியவங்க எல்லாரும் இத நல்லாப் படிங்க.

ஸ்டெல்லா டீச்சர், 10:08
பக்கத்து நாட்டுச் சண்டைன்னா எனக்கு அந்தப் பொண்ணுங்க மேட்ச்தான் ஞாபகம் வருது. 2024 பிப்ரவரி 8, டாக்கா, 19 வயசுக்குக் கீழ் தெற்காசிய ஃபைனல். 1-1. பெனால்டியில 11 பேரும் அடிச்சாங்க, கீப்பருங்க உட்பட. 11-11. ஒரு பொண்ணுகூட விடல! அதுக்கப்புறம் பூவா தலையா போட்டு இந்தியா சாம்பியன்னு சொல்லிட்டாங்க. அந்த வங்கதேசப் பொண்ணுங்க முகத்தப் பாக்க முடியல. நமக்குக் கிடைச்ச கப்புதான், ஆனா மனசு ஒப்பல.

தேவி அக்கா, 10:15
ஒப்பக்கூடாது டீச்சர். காசு சுண்டுறதுக்கு அங்க சட்டமே கிடையாது. பெனால்டியில காசு ரெண்டு தடவதான். எந்தக் கோல் பக்கம் அடிக்கிறது, யாரு முதல்ல அடிக்கிறது. அஞ்சு அஞ்சுக்கு அப்புறம் ஒண்ணொண்ணு. 11 பேரும் முடிச்சா மறுபடி முதல்லேந்து. அந்த ரெண்டாவது சுத்துல வரிசைய மாத்திக்கலாம். ஒருத்தர் போட்டு எதிராளி விடற வரைக்கும் போயிட்டே இருக்கணும். காசு போட்டு ஜெயிக்க வெக்கிறது 1970க்கு முந்தின பழக்கம். 1968 யூரோ செமியில இத்தாலி சோவியத்த அப்படித்தான் தாண்டிச்சு.
டாக்காவுல முடிவெடுத்தது மேட்ச் கமிஷனர். அப்புறம் தப்புன்னு தெரிஞ்சு மறுபடி அடிக்கச் சொன்னாங்க. நம்ம பொண்ணுங்க அதுக்குள்ள களத்த விட்டுப் போயிட்டாங்க, திரும்ப வரல. கடைசியில ரெண்டு பேருக்கும் கப்பு. ரெஃபரி பையில அந்த ஒரு பக்கத்த மடிச்சு வெச்சிருந்தாலே இவ்ளோ வந்திருக்காது.

டில்லி, 10:17
அப்ப தோஹா மேட்ச மறுபடி ஆட வெக்க முடியாதாக்கா? புகார் குடுத்தாங்களே

தேவி அக்கா, 10:24
முடியாது. பாத்தது, பாக்காதது சம்பந்தப்பட்ட முடிவு, கோலா இல்லியாங்கிறது உட்பட, மேட்ச் முடிஞ்சா முடிஞ்சதுதான். சட்டத்தையே தப்பாப் போட்டாத்தான் கேள்வி வரும். 2005ல உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் ஆடினாங்க. உஸ்பெக் பெனால்டி உள்ள போச்சு, ஆனா அவங்க ஆளு முன்னாடியே பாக்ஸுக்குள்ள ஓடிட்டாரு. மறுபடி அடிக்க வெச்சிருக்கணும். ரெஃபரி பஹ்ரைனுக்கு ஃப்ரீகிக் குடுத்துட்டாரு. உஸ்பெக் 1-0 ஜெயிச்சும் ஃபிஃபா அந்த மேட்ச ரத்து பண்ணி முழுசா ஆட வெச்சுச்சு. 1-1. அடுத்தது 0-0. வெளியூர் கோல் கணக்குல, அதாவது எதிரி ஊர்ல யாரு அதிகம் போட்டாங்கன்னு பாத்து, உஸ்பெக் வெளிய போச்சு. தப்பு ரெஃபரியோடது, அடி வாங்கினது ஜெயிச்ச டீமு.
இன்னொண்ணு, ரெஃபரியே சூது பண்ணினார்னு ருசுவானா. 2016 தென்னாப்பிரிக்கா செனகல் மேட்ச் ரெஃபரிக்கு ஆயுள் தடை, மேட்சும் அடுத்த வருஷம் மறுபடி ஆடினாங்க. அதுக்கு ஆதாரம் வேணும், ஃபார்வர்டு வீடியோ போதாது.

பாய், 10:26
சரி நம்ம விஷயத்துக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை ஃபைனல் ரெண்டு பக்கத்துத் தெரு. டாக்கா-டெல்லி சண்டைய விட மோசம். போன வாரம் கோல் கோட்டுலதான் தகராறு ஆரம்பிச்சுது.

கோச் அண்ணன், 10:33
அதுக்குக் காரணம் கோடுதான் பாய். நம்ம போஸ்ட் மூணு இன்ச் பைப். பசங்க சாக் பவுடர அஞ்சு இன்ச்சுக்குக் கொட்டிட்டானுங்க. கோல் கோடும் போஸ்டும் ஒரே அகலம் இருக்கணும், ரெண்டோட வெளி விளிம்பும் ஒரே நேர்ல வரணும். இல்லன்னா பந்து போஸ்டத் தாண்டியிருக்கும், கோட்டத் தாண்டியிருக்காது. ரெண்டு தெருவும் சொன்னது சரி!
அப்புறம் மழை. இந்த ஈரத்துல பவுடர் அரை மணி நேரம் தாங்காது. சுண்ணாம்பு மட்டும் கொண்டு வராதீங்க, ஈரத்துல கண்ணுல பட்டா வெந்துடும்.

டில்லி, 10:34
அப்ப எதால போடறதுண்ணே

கோச் அண்ணன், 10:39
வெள்ளைக் கட்டில் நாடா, மூணு இன்ச். பீச் ஃபுட்பால்ல நாடாதான் கோடு. கோல் வாய்க்குள்ள ஆணி வேணாம், கீப்பர் விழுவான். ரெண்டு போஸ்ட் அடியிலயும் இழுத்துக் கட்டி மண்ணுல மிதிச்சு விடுங்க. போஸ்டுக்கு வெளிய பத்து பத்து அடி மட்டும் சைக்கிள் கம்பிய யூ மாதிரி வளைச்சு, தலை மண்ணுக்குள்ள போற வரைக்கும் அடிங்க.

தேவி அக்கா, 10:43
கோட்டுக்கு நிக்கிற பசங்க கோலுக்குப் பின்னாடி நிக்காதீங்க. போஸ்டுலேருந்து நாலு மீட்டர் தள்ளி, கோட்டோட நீட்சியில, குனிஞ்சு நில்லுங்க. ரெண்டு போஸ்டும் ஒண்ணு மேல ஒண்ணு மறைஞ்சு ஒரே போஸ்டாத் தெரிஞ்சா நீங்க சரியான இடத்துல இருக்கீங்க. ரெண்டாத் தெரிஞ்சா நகருங்க. முழுசாத் தாண்டினதப் பாத்தா மட்டும் கொடி. சந்தேகம்னா கொடி கீழ. ரெஃபரிகிட்ட பேச கேப்டன் மட்டும் வரணும்.

ஸ்டெல்லா டீச்சர், 10:45
டிரா ஆனா பெனால்டி விதி ஒரு பக்கம் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணித் தர்றேன். ரெண்டு கேப்டனும் மேட்சுக்கு முன்னாடி கையெழுத்துப் போடட்டும்.

பாய், 10:46
அருமை டீச்சர். நாடா எவ்ளோ வேணும் கோச்?

கோச் அண்ணன், 10:48
கோல் 12 அடி, ரெண்டு பக்கம் பத்து பத்து. 32. ரெண்டு கோலுக்கும் 64 அடி. முடிச்சுக்கும் சேத்து 70 வாங்கிடுங்க.

டில்லி, 10:57
அண்ணே கிரவுண்டுக்கு வந்து டேப்பு வெச்சு அளந்துட்டேன். தெக்குப் பக்கம் போஸ்ட் மூணு இன்ச். வடக்குப் பக்கம் ரெண்டரை. பைப்பு வேற

கோச் அண்ணன், 10:58
நல்லவேளை பாத்த. அந்தப் பக்கம் நாடாவ அரை இன்ச் உள்பக்கமா மடிச்சுத் தைக்கணும். வெளி விளிம்பு போஸ்டோட வெளி விளிம்புக்கு நேரா வரட்டும். உங்க அம்மா மிஷின்ல தைச்சுத் தருவாங்களான்னு கேளு.

டில்லி, 10:59
கேட்டுட்டேன். நாளைக்குச் சாயங்காலம் நாடா குடுத்தா போதும்னாங்க