ஃபர்னஸ் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, மாற்றத்தான் வேண்டுமா?

மார்க்கம்வாசி:
வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ், 12 வருடப் பழசு. வெளியே மைனஸ் 18. பத்து நிமிடம் நன்றாக எரிகிறது, பிறகு நெருப்பு அணைந்து ஃபேன் மட்டும் குளிர்காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துத் தானாகவே திரும்பப் பற்றுகிறது. தெர்மோஸ்டாட்டில் 21 வைத்தாலும் வீடு 18ஐத் தாண்டவில்லை. பார்க்க வந்தவர் ஃபர்னஸின் கதவைக்கூடக் கழற்றவில்லை, புதுசு போடுங்கள் என்று விலை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேஸ்மென்ட் அண்ணை:
தம்பி, முதலில் ஃபில்டரை இழுத்துப் பாருங்கோ. காற்று போதாமல் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது நெருப்பின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதி, அளவுக்கு மேல் சூடேறினால் லிமிட் சுவிட்ச் கேஸை நிறுத்தும், ஆறும்வரை ஃபேன் ஓடும், அப்புறம் திரும்பப் பற்றும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். ஒரு அங்குல ஃபில்டரில் மெர்வ் 13 (மெர்வ் எண் கூடினால் ஃபில்டர் நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) போட்டிருந்தால் சில ஃபர்னஸ்களுக்கு அதுவே மூச்சுமுட்டும். ஆளில்லாத அறைகளில் சூடான காற்று வரும் வென்ட்களைக் காசு மிச்சம் என்று மூடி வைத்திருக்கிறீர்களா? எல்லாவற்றையும் திறந்துவிடுங்கோ.

பனிக்காலம்:
எங்கள் வீட்டில் வேறு மாதிரி. பற்றி ஐந்து விநாடியில் அணையும், மூன்று தரம் முயன்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அது ஃபிளேம் சென்சர். நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி, மேலே படிவு பிடித்தால் நெருப்பு இருந்தும் இல்லை என்று ஃபர்னஸை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்குச் சொல்லும். டெக்னீஷியன் கழற்றி ஸ்டீல் வூலால் தேய்த்துத் திரும்பப் பூட்டினார், சரியாகிவிட்டது. வெளியே வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருக்கிற ஹை எஃபிஷியன்சி வகை என்றால் அதன் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் வடிகிற குழாய் அடைத்தாலும் ஓடாது.

மார்க்கம்வாசி:
ஃபில்டர் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி இருந்தது அண்ணை! மெர்வ் 8 போட்டு வென்ட்களையும் திறந்துவிட்டேன், இப்போது 20. ஆனாலும் இடையில் ஒரு தரம் நின்றது.

பேஸ்மென்ட் அண்ணை:
அப்படியென்றால் ஃபர்னஸ் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக போர்டு லைட் எத்தனை தரம் மினுக்குகிறது என்று எண்ணுங்கோ, அர்த்தம் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். லிமிட் என்றே காட்டினால் லைசென்ஸ் உள்ள வேறு ஆளைக் கூப்பிட்டு, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்று அளக்கச் சொல்லுங்கோ. இருக்கவேண்டிய அளவு பெயர்த்தகட்டிலேயே உண்டு. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு என்று யாராவது சொன்னால் காட்டச் சொல்லுங்கோ, உண்மையாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் மட்டும் எதையும் ஆராயாமல் எல்லோரும் வெளியே போய் நின்று 911.