மரத்தொட்டில் இல்லாமல் பிள்ளை வளராதா?

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

மும்பையை அடுத்த ஐரோலியில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண், முதல் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, குழந்தைக்கு எதையெல்லாம் வாங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று நேற்று இந்த இணைய மன்றத்தில் கேட்டிருந்தாள். அவளுக்கு டோம்பிவ்லி அப்பா என்பவர் இருபத்தேழு பொருள்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்திருக்கிறார். மரத்தொட்டில், தள்ளுவண்டி, பால்புட்டியைக் கிருமி நீக்கும் மின்சாரக் கருவி, உடை மாற்றும் மேசை, குளியல் தொட்டி, காரில் பொருத்தும் இருக்கை என்று நீளும் அந்தப் பட்டியலின் கீழே, "மரத்தொட்டில் வீட்டுக்கு வருவதற்கு முன் குழந்தையை அழைத்து வராதீர்கள்" என்று ஒரு வரி வேறு. ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீட்டில் இருப்பவளிடம் இப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று இரவெல்லாம் எனக்கு ஆறவில்லை.

நான் 1983-இல் செம்பூரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் என் மூத்த மகளை வளர்த்தேன். என் மாமியாரின் ஒன்பது கஜ நூல் புடவை ஒன்று துவைத்துத் துவைத்து மல் போல ஆகியிருந்தது. அதை இரண்டாக மடித்து, விட்டத்தில் இருந்த இரும்புக் கொக்கியில் முடிச்சிட்டு, உள்ளே குறுக்காக ஒரு கட்டையைச் செருகினோம், தூளி தயாராகிவிட்டது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே காலால் ஆட்டுவேன். மகன் பிறந்தபோதும் அதே புடவை, அதே கொக்கி. நான்கு பழைய நூல் புடவை, இரண்டு டஜன் லங்கோட்டுத் துணி, ஒரு ரப்பர் விரிப்பு, கொசுவலை, பால் புகட்டும் மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடை, ஒரு தனி வாளி ஆகியவை போதும். மற்றவற்றுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

டோம்பிவ்லி அப்பா எழுதியது:

அம்மா, என் பட்டியலில் குறை இருந்தால் என் பதிவின் கீழேயே கேட்டிருக்கலாம். தனி இழை தொடங்கி ஊரைக் கூட்டியிருக்க வேண்டியதில்லை. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. தூளியை எங்கே கட்டுவது? அந்தப் பெண்ணின் அறைக் கூரையில் இருக்கும் ஒரே கொக்கியில் மின்விசிறி தொங்குகிறது என்று அவளே எழுதியிருக்கிறாள்.

குழந்தையைக் கெட்டியான, சமமான பரப்பில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும் குழந்தைப் படுக்கைகளை விற்கக் கூடாது என்று அந்த நாட்டில் 2022-இல் சட்டமே இயற்றிவிட்டார்கள். துணியில் குழந்தை வில்லாக வளைந்து, தாடை மார்பில் படிந்து கிடக்கும். அப்போது மூச்சுக்குழல் நெருக்கப்படும் என்பதுதான் அச்சத்துக்குக் காரணம். சென்ற ஆண்டு நடைவண்டி விவாதத்திலும், சக்கரம் வைத்த வாக்கர்களைக் கனடா 2004-இல் தடை செய்துவிட்டது என்று நான் எழுதியபோது, பெற்றோரைப் பயமுறுத்துகிறவன் என்று என்னைச் சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை. இப்போதாவது பதில் சொல்லுங்கள்: கொக்கி எங்கே?

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

கொக்கி இல்லையென்றால் கொக்கி போட்டுக்கொள்ள வேண்டியதுதான், தம்பி. அரை மணி நேர வேலை. நடைவண்டி விவாதத்தில் நான் சொன்னது நம் ஊர் மூன்று சக்கர மர நடைவண்டியைப் பற்றி. குழந்தை பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போவது. நீங்கள் சொன்னது குழந்தையை நடுவில் உட்கார வைக்கும் பிளாஸ்டிக் வண்டி. இரண்டும் ஒன்றில்லை என்று அன்றே எழுதினேன், நீங்கள் படிக்கவில்லை.

கெட்டியான, சமமான பரப்பு வேண்டும் என்றால் தரையில் ஒரு கோரைப்பாயை விரித்து அதன் மேல் இரண்டு மடிப்பாகப் புடவையைப் போடுங்கள். அதைவிடக் கெட்டியும் சமமும் எந்தத் தொட்டிலில் இருக்கிறது? பகலில் தூளி, இரவில் பாயில் தாயின் பக்கத்தில். மரத்தொட்டிலுக்கு இதில் எங்கே வேலை இருக்கிறது?

முலுண்ட் கட்டுமானன் எழுதியது:

இருபது ஆண்டுகளாகக் கட்டடப் பணித்தளத்தில் இருப்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். மின்விசிறிக் கொக்கி என்பது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே வளைத்த கம்பியை ஸ்லாபின் இரும்புக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டி வைப்பது. அப்படிச் செய்த கொக்கி உறுதியானது. பின்னால் துளையிட்டுச் செருகும் கொக்கி அப்படிப்பட்டது இல்லை. கான்கிரீட்டின் தரமும் துளையின் ஆழமும் சரியாக இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் பிடுங்கிக்கொண்டு வரும். தூளி அசையாமல் தொங்கும் சுமையும் அன்று. ஆட ஆடக் கொக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் பூச்சு உப்பிப்போன பழைய கட்டடங்களில், உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது வெளியே தெரியாது. அரை மணி நேர வேலை என்று எழுதுவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும்.

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

என் கொக்கி இரண்டு குழந்தைகளையும் அதன் பிறகு மூன்று பேரக்குழந்தைகளையும் தாங்கியது. புடவை உராய்ந்து உராய்ந்து அதன் உள்வளைவு வெள்ளிபோல மின்னும். வெளிப்பக்கம் கறுப்பாகவே இருக்கும். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். உங்கள் காலத்தில் ஒழுங்காகக் கட்டடம் கட்டவில்லை என்றால் அதற்குத் தூளி என்ன செய்யும்?

முலுண்ட் கட்டுமானன் எழுதியது:

நான் கட்டிய எந்தக் கட்டடத்தைப் பற்றியும் உங்களுக்குத் தெரியாது. இந்த வார்த்தையை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

சயான் செவிலி எழுதியது:

பிரசவப் பிரிவில் பணிபுரிகிறவள் நான். இருவரும் கொக்கியை விட்டு ஒரு நிமிடம் இறங்கி வந்தால் நன்றாக இருக்கும். பட்டியலில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது பால்புட்டியும் அதற்கான மின்சாரக் கருவியும்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பால்புட்டிக்கும் குழந்தைப் பால்மாவுக்கும் விளம்பரமே செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியிருக்க, இன்னும் பிரசவமே ஆகாத பெண்ணுக்கு எதற்காகப் புட்டியைப் பரிந்துரைக்க வேண்டும்? பால் கறந்து கொடுக்க நேர்ந்தால் பாலாடை போதும். எடை குறைந்து பிறந்து, சப்பிக் குடிக்க முடியாத குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையில்தான் ஊட்டுகிறோம். வாயின் ஓரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்த்தால் பத்து நாள் பிள்ளைகூட நாக்கை நீட்டி வாங்கிக்கொள்ளும். அதை மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க வைக்க ஒரு பாத்திரம் போதும்.

தூளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் பக்கத்தில் விழித்திருக்கும்போது சிறிது நேரம் போடுவது வேறு. இரவு முழுவதும் அதிலேயே தூங்க விடுவது வேறு. தானாக எழுந்து உட்காரத் தொடங்கிய பிள்ளையை அதில் போடவே கூடாது. கால்களை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதும் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை.

டோம்பிவ்லி அப்பா எழுதியது:

செவிலி அம்மா நான் சொன்னதையே சொல்லியிருக்கிறார்: தூளி ஆபத்து. இன்னும் கொக்கிக்குப் பதில் வரவில்லை.

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

செவிலி சொன்னது நான் எழுதியதைத்தான்: பகலில் தூளி, இரவில் பாய். புட்டி வேண்டாம், பாலாடை போதும் என்று நான் முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன்.

மாட்டுங்காவாசி எழுதியது:

ஒரு சிறு விளக்கம் தேவை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் புடவையில் கட்டுவதையே தொட்டில் என்போம். தஞ்சாவூர்க்காரர்கள் அதைத் தூளி என்கிறார்கள். என் பாட்டி ஏணை என்பார். டோம்பிவ்லிக்காரர் தொட்டில் என்று எழுதுவது கம்பி வைத்த மரக்கட்டிலை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கொக்கி வேண்டாம் என்றால் இரும்புச் சட்டத்தில் தொங்கும் தூளியும் கடைகளில் கிடைக்கிறது. பின்லாந்தில் 1938-இலிருந்து அரசாங்கமே தாய்மார்களுக்கு ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குழந்தைத் துணிகளைக் கொடுத்து வருகிறது. அடியில் சிறு மெத்தையும் உண்டு, அந்தப் பெட்டியிலேயே குழந்தையைப் படுக்க வைக்கலாம். பணக்கார நாட்டிலேயே அட்டைப்பெட்டி போதும் என்கிறபோது நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

திருநெல்வேலிக்காரர்கள் எப்படிச் சொன்னாலும் எங்கள் வீட்டில் அது தூளிதான். இரும்புச் சட்டத்தில் ஒரு சாண் தூரம்கூட ஆடாது, பிள்ளை தூங்காது. அதை வாங்கி என் மருமகள் இரண்டாயிரம் ரூபாயைத் தொலைத்தாள். விட்டத்திலிருந்து நீளமாகத் தொங்கினால்தான் அந்த ஆட்டம் வரும்.

டோம்பிவ்லி அப்பா எழுதியது:

இரும்புச் சட்டம் அடைக்கும் இடத்தில் என் மரத்தொட்டிலே நின்றுவிடும். அப்படியானால் இடமில்லை என்ற வாதம் எங்கே போயிற்று?

மின்விசிறியைக் கழற்றித் தூளி கட்டச் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஜூலை மாதத்தில் இரண்டு டஜன் லங்கோட்டுத் துணியை எங்கே உலர்த்துவது? வெளியே கொடியில் போட முடியாது. அறைக்குள் குறுக்கே கயிறு கட்டி, அந்த விசிறிக்குக் கீழேதான் எல்லாரும் காய வைக்கிறோம். என் மகன் ஜூன் கடைசியில் பிறந்தான். காலையில் துவைத்த துணி இரவிலும் கையில் சில்லென்று ஒட்டும். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவியோடு புளித்த வாடை எழும்பும். மறுநாள் குழந்தையின் தொடையிடுக்கில் சிவந்திருக்கும். மூன்றாம் வாரம் டயப்பர் வாங்கினேன். அதையும் வீண் செலவு என்பீர்கள். விசிறி இருந்தால் தூளி இல்லை. தூளி இருந்தால் விசிறி இல்லை. இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டும் வித்தையைச் சொல்லுங்கள், என் பட்டியலை நானே அழித்துவிடுகிறேன்.

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

மேசை விசிறி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது. துணியை வெந்நீரில் அலசிப் பிழிந்து, சமையலறையில் அடுப்புக்கு மேல் பரணிலிருந்து கொடி கட்டி உலர்த்தினால் வாடை வராது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாவும் அப்படித்தான் செய்தார். அவர் ஜோளி கட்டினார், நாங்கள் தூளி கட்டினோம், ஒருவர் வீட்டுக் குழந்தையை மற்றவர் ஆட்டினோம்.

நீங்கள் தள்ளுவண்டியும் எழுதியிருக்கிறீர்கள். டோம்பிவ்லி நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில், காலை எட்டு மணிக் கூட்டத்தில், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மடித்த வண்டியுமாக ஏறிய ஒரு பெண்ணையாவது காட்டுங்கள். நடைபாதையில் பாதி தூரம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மீதியில் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். இடுப்பில் தூக்குவதற்குத்தான் கடவுள் தாய்க்கு இடுப்பைக் கொடுத்திருக்கிறார்.

டோம்பிவ்லி அப்பா எழுதியது:

தள்ளுவண்டியைக் கட்டாயம் என்று நான் எழுதவில்லை. காருக்கான இருக்கையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருக்கைப் பட்டையோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதம் பெரிதில்லை. மடியில் இருக்கும் குழந்தையை, வண்டி சட்டென்று நிற்கும்போது எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

அந்தப் பெண்ணிடம் கார் இல்லை. ஆட்டோவில் போகிறவளுக்கு எதற்குக் கார் இருக்கை?

டோம்பிவ்லி அப்பா எழுதியது:

கார் இருந்தால் என்றுதான் எழுதினேன்.

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

"இருந்தால்" என்ற சொல் உங்கள் பதிவில் இல்லை. இரண்டு முறை படித்துவிட்டேன்.

முலுண்ட் கட்டுமானன் எழுதியது:

நான் கேட்ட மன்னிப்பு இன்னும் வரவில்லை.

ஐரோலிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கேட்டவள் நான்தான். பாட்டி சொன்ன நூல் புடவைகளை அம்மா ஊரிலிருந்து கொண்டு வருகிறார். புட்டி வாங்கவில்லை. மரத்தொட்டிலுக்கு எங்கள் அறையில் இடமில்லை. அளந்து பார்த்தோம், வைத்தால் அலமாரிக் கதவு திறக்காது. வீட்டு உரிமையாளர் கூரையில் துளையிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தரையில் படுக்க வைத்தால் எறும்பு வருமா என்பதுதான் என் கவலை. செவிலி அக்கா, இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

டோம்பிவ்லி அப்பா எழுதியது:

உரிமையாளர் துளையிட அனுமதிக்கவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். இதைத்தான் முதல் பதிலிலிருந்து கேட்கிறேன்.

செம்பூர்ப் பாட்டி எழுதியது:

துளையிட வேண்டாம், இருக்கும் கொக்கியே போதும் என்கிறேன். விசிறியைக் கழற்ற உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. மரத்தொட்டிலுக்கு இடமில்லை என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். அந்த வரியை மட்டும் நீங்கள் படிக்கவில்லை. அம்மா ஐரோலி, கொக்கி எத்தனை கனம் என்று ஒரு நூலைச் சுற்றி அளந்து எழுது.

முலுண்ட் கட்டுமானன் எழுதியது:

கம்பியின் கனத்தை வைத்து அது எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. மேலே எழுதியிருக்கிறேன்.

டோம்பிவ்லி அப்பா எழுதியது:

விசிறியைக் கழற்றினால் துணியை எங்கே உலர்த்துவது?