பெரியப்பா பெட்டியில் ஒரு பறவை

பாலக்கோட்டுக்காரன்:
பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டைக் காலி செய்தபோது பரண்மேல் இருந்த பெரியப்பாவின் கறுப்புத் தகரப்பெட்டி கீழே இறங்கியது. உள்ளே அந்துருண்டை வாசனையோடு ஒரு கம்பளி ஸ்வெட்டர், ஒரு தொப்பி பேட்ஜ், அப்புறம் கேடயம் மாதிரி வெட்டிய மரப்பலகை. பலகையில் பித்தளைத் தகடு, இறக்கை விரித்த ஒரு பறவை, கீழே 666 என்ற எண். "இது சாத்தான் நம்பர் மாமா, வீட்டில வைக்காதீங்க" என்கிறான் அக்கா பையன். இங்கிலீஷ் படமாகப் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளை.

பெரியப்பா ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி 'பைலட் வீடு' என்று கேட்டால் இன்றைக்கும் வழி சொல்வார்கள். 1998இல் ஓய்வு பெற்றார், இறந்து ஏழு வருடம் ஆகிறது. இருந்தவரை அதிகம் பேசியதில்லை. ராணுவ ஹெலிகாப்டர் யூனிட்டோடு யாருக்காவது பழக்கம் உண்டா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

பழைய ஸ்பேனர் (ஊத்தங்கரை):
தம்பி, அது சாத்தான் நம்பர் இல்லை, பீரங்கிக்காரர்கள் வழி வந்த நம்பர். நான் ராணுவ ஏவியேஷனில் மெக்கானிக்காக இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப்போரில் பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல பிரிட்டிஷ்காரர்கள் சின்ன ஆஸ்டர் விமானங்களைப் பறக்கவிட்டார்கள். 'ஏர் ஓபி' (ஏர் அப்சர்வேஷன் போஸ்ட்) என்று பெயர். அந்த ஸ்குவாட்ரன்களுக்கு, அதாவது விமானப் பிரிவுகளுக்கு, 651 முதல் 666 வரை எண் கொடுத்தார்கள். அதில் 656 பர்மா சண்டைக்காக இந்தியா வந்தது. போர் முடிந்த பிறகு 659 வந்தது. 1947 ஆகஸ்டில் நமக்கென்று முதல் ஏர் ஓபி ஃபிளைட் (ஸ்குவாட்ரனைவிடச் சின்னப் பிரிவு) அமைந்தது. நம் ஸ்குவாட்ரன்களின் எண்களும் அதே வரிசையில் இருப்பதைப் பார்த்தால் வம்சம் புரியும். 666 என்பது சியாச்சினுக்குப் பறக்கும் ஸ்குவாட்ரன், 'சியாச்சின் ஃபால்கன்ஸ்' என்பார்கள். ஃபால்கன் என்றால் நம் ஊர் வல்லூறு.

ரொம்ப காலம் அது பீரங்கிப்படையின் பிள்ளையாகவே வளர்ந்தது. ஓட்டியவர்கள் கன்னர் ஆபீசர்கள். ஆஸ்டருக்குப் பிறகு 'கிருஷக்' என்று நம் அரசு விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல். கட்டிய விமானம் வந்தது. கிருஷக் என்றால் உழவன். சண்டைக்குப் போகிற விமானத்துக்கு உழவன் என்று பேர் வைத்த ஆளை எனக்குப் பிடிக்கும். பிறகு சேத்தக், சீட்டா ஹெலிகாப்டர்கள். 1986 நவம்பர் 1 அன்றுதான் 'ஆர்மி ஏவியேஷன் கோர்' என்று தனிக்குடித்தனம் வைத்தார்கள். குறிக்கோள் 'சுவேக் வ சுத்ருட்', வேகமும் உறுதியும்.

சீட்டா பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சு 'லாமா'வை ஹெச்.ஏ.எல். இங்கே கட்டியதுதான் சீட்டா. 1972 ஜூனில் ஷான் பூலே என்ற பைலட் லாமாவை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். உச்சியில் எஞ்சின் அணைந்துவிட்டது. மனுஷன் எஞ்சினே இல்லாமல், விசிறி காற்றில் சுற்றும் சுற்றிலேயே தரை வரை இறக்கிவிட்டார்.

தம்பி, அந்தத் தொப்பி பேட்ஜில் என்ன எழுதியிருக்கிறது?

தளி ரோடு:
எங்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதில்லை. பெங்களூர் பக்கம் என்பதால் அங்கே கட்டும் துருவ் ஹெலிகாப்டர் அடிக்கடி தலைக்கு மேலே போகும். ஆனால் கிட்டத்தில் பார்த்தது ஒரே ஒரு முறை. நான் ஒன்பதாவது படிக்கும்போது தேன்கனிக்கோட்டை போகும் வழியில், மேகம் கவிந்த ஒரு மதியம், அறுத்துவிட்டுப் போட்ட கேழ்வரகுக் கொல்லையில் ஒன்று இறங்கியது. மேகம் விலகும்வரை நிற்கப் போகிறோம் என்றார்கள். அரை மணியில் ஊரே அங்கே. யாரோ இளநீர் வெட்டினார்கள்.

பைலட்டின் தோளில் ஒரு பறவைப் படம். கழுகா பருந்தா என்று எங்களுக்குள் சண்டை. ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு "கருடன்டா" என்று முடித்து வைத்தார். பைலட் கன்னடக்காரர், எங்கள் பக்கத்துத் தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு நன்றாகவே புரிந்தது. சிரித்துவிட்டு, "கருடனே இருக்கட்டும்" என்றார்.

கடற்படைக்காரர்கள் இந்தச் சண்டைக்கே இடம் வைக்கவில்லை. அரக்கோணம் விமானதளம் 'ராஜாளி', உச்சிப்புளியில் இருப்பது 'பருந்து'. இரண்டும் நம் பெயர்.

சூளகிரி சிப்பாய்:
நான் மெட்ராஸ் ரெஜிமென்ட். எங்கள் சின்னம் யானை, 1803 அஸ்ஸாயே சண்டையில் கிடைத்தது. யானைக்காரனை வல்லூறு தூக்கிய கதை என்னுடையது.

சியாச்சினில் சுமார் 19,000 அடியில் ஒரு போஸ்ட். ஏறி இருபதாவது நாள் இருமல் பிடித்தது, மறுநாள் படுத்தால் மூச்சு இல்லை. நுரையீரலில் நீர். நர்சிங் அசிஸ்டென்ட் ஆக்சிஜன் வைத்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் வானம் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடியலில் அந்த டக்டக் சத்தம். அங்கே எப்போதும் ஜோடியாகத்தான் வருவார்கள். ஒன்று மேலே சுற்ற, ஒன்று இறங்கியது. இறங்கியது என்றால் முழுக்க உட்காரவில்லை, பனியைத் தொட்டபடி நின்றது. எஞ்சினை அணைக்க மாட்டார்கள், அணைத்தால் அந்தக் குளிரில் திரும்பக் கிளம்பும் என்று என்ன நிச்சயம்? ஒரு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய், ஒரு தபால் பை இரண்டையும் இழுத்துப் போட்டார்கள். அந்தக் காலி இடத்தில் என்னை மூட்டை மாதிரித் திணித்தார்கள். எடை குறைக்கப் பின் சீட்டைக்கூடக் கழற்றியிருந்தார்கள். எல்லாம் ஒரு நிமிடம் இருக்காது.

கீழே வரும் வரை பைலட் முகத்தை நான் பார்க்கவில்லை. மாஸ்க். தெரிந்தது தோளில் தைத்திருந்த பறவை மட்டும். அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தத் தபால் பையில் அம்மா எழுதிய கடிதம் இருந்திருக்கிறது. நான் கீழே, கடிதம் மேலே. கைக்குக் கிடைக்க மூன்று வாரம் ஆனது. "உடம்பைப் பார்த்துக்கோ" என்று எழுதியிருந்தாள்.

2016 பிப்ரவரியில் சோனம் போஸ்ட்டில் பனிச்சரிவில் எங்கள் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் ஒரு தம்பி நம் கிருஷ்ணகிரி மாவட்டம். தோண்டும் கருவிகளைக்கூட ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க நான் டி.வி.யை அணைக்கவில்லை.

தகடூர் டீச்சர்:
சூளகிரி அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ராணுவம் தெரியாது, நடுகல் தெரியும். வருடா வருடம் பிள்ளைகளைத் தர்மபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவேன். எந்த அரசன் ஆட்சியில், யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்கும்போது பட்டான் என்று கல்லில் இருக்கும். பழைய கற்களில் காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். மாடு கவரப் போனால் வெட்சிப்பூ, மீட்கப் போனால் கரந்தைப்பூ. பூவைப் பார்த்தாலே ஆள் எதற்குப் போகிறான் என்று தெரிந்துவிடும். ஸ்பேனர் ஐயா பேட்ஜைப் படிப்பதும் அதே மாதிரிதான் இருக்கிறது. ஐயா, தொப்பி பேட்ஜில் அப்படி என்ன தேடுகிறீர்கள்?

பாலக்கோட்டுக்காரன்:
புளி போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று வந்துவிட்டது. எழுத்து இந்தி. எதிர் வீட்டு மளிகைக்கடைக்காரரிடம் காட்டினேன். 'கர்ம் ஹீ தர்ம்' என்று படித்தார்.

பழைய ஸ்பேனர்:
நினைத்தேன். தம்பி, அது ஈ.எம்.இ., அதாவது ராணுவத்தின் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர் படையின் வாசகம், என்னுடைய தொப்பியிலும் அதுதான் இருந்தது. ஏவியேஷன் ஸ்குவாட்ரனில் ஹெலிகாப்டரைக் கழற்றி மாட்டுகிறவர்கள் ஈ.எம்.இ. ஆட்கள். பறவைச் சின்னம் யூனிட்டுடையது, மாற்றலாகிப் போகும்போது பலகையில் பதித்துக் கொடுப்பார்கள். தொப்பியில் இருப்பதுதான் ஆளுடையது. உங்கள் பெரியப்பா ஓட்டியவர் இல்லை. மைனஸ் முப்பதில் கையுறையைக் கழற்றிவிட்டு நட்டு முறுக்கியவர். வெறும் விரல் இரும்பில் பட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அவர் விரல் நுனி எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
கேட்டேன் ஐயா. பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வலது கையில ரெண்டு விரலுக்கு உணர்ச்சியே கிடையாது, சுடுசோறு பிசைஞ்சாலும் தெரியாது" என்றார். பைலட் என்று ஏன் சொன்னார்கள் என்றேன். "உங்க தாத்தா பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னது. கல்யாணத்தன்னிக்கு ராத்திரியே உங்க பெரியப்பா உண்மையைச் சொல்லிட்டாரு. நான்தான் ஊருக்குச் சொல்லல" என்றார்.